கீழறையில் ஈரம் இல்லை

டேங்க் நிறைந்துவிட்டதென்று சிவப்பு விளக்கு மறுபடியும் எரிந்தது.

சர்வேயர் நாற்காலியைத் திருப்பி அதை முறைத்துப் பார்த்தார். இப்போதுதான் அந்த டேங்கை உருவி, படியேறிக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்து மாட்டியிருந்தார். மேஜைமேல் வைத்த காபிகூட இன்னும் ஆறவில்லை. அறையோ காய்ந்து கிடந்தது. தாள்களைத் தொட்டால் சருகு மாதிரி சலசலத்தன, உதடு வெடித்து எரிந்தது, தலை வாரினால் முடி சீப்போடு எழுந்து நின்றது. இவ்வளவு காய்ந்த அறையிலிருந்து இந்த மெஷின் இத்தனை தண்ணீரை எங்கே பிடிக்கிறது?

"கருமம்," என்றார். மெஷினைச் சொன்னாரா, அதை வாங்கி வைத்துவிட்டுப் போன மச்சினனைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. இரண்டுக்கும் பொருந்தியது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் பேர்வழி என்று வந்து இந்தக் கீழறையில் குடியேறியவன். பாதி தரைக்குக் கீழே இறங்கிய அறை. கூரையை ஒட்டிய ஒற்றை ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். சோம்பேறிக்கு ஏற்ற வளை என்று சர்வேயர் அப்போதே நினைத்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அறையில் ஈரமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஆரம்பித்து, எங்கேயோ தேடிப் பிடித்து இந்த டீஹியூமிடிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்புயரம், வெள்ளைப் பெட்டி. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி அடியில் இருக்கும் டேங்கில் சொட்டுச் சொட்டாக இறக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் அதை ஓடவிட்டான். தண்ணீரை வீட்டுக் குழாயடியில் ஊற்ற மாட்டான். மழையில் நனைந்துகொண்டாவது தெருமுனைச் சாக்கடை வரைக்கும் சுமந்துகொண்டு போவான். அப்புறம் வேலை கிடைத்ததும், ஏதோ ஒரு உயரமான கட்டடத்தின் உச்சிமாடியில் வீடு பார்த்துக்கொண்டு ஓடிப்போனான். போகும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மெஷினை மட்டும் நிறுத்திடாதீங்க, அத்தான்." தங்க இடம் கொடுத்ததற்கு ஒரு நன்றி கிடையாது.

அறை காலியானதும் சர்வேயர் அதைத் தன் ஆபீஸாக மாற்றிக்கொண்டார். அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மழைக்காலம் வந்தால், சுவர் ஊறிவிட்டது, கூரை ஒழுகுகிறது, கதவு உப்பிவிட்டது என்று நஷ்ட ஈடு கேட்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அழுகின சுவரைவிட அழுகிற ஆட்களையே அதிகம் பார்த்தவர். அவர்கள் கண்ணீரை அவர் ஒரு கசிவாகக்கூட மதித்ததில்லை. "ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தா இது வந்திருக்காதும்மா," என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவர் தன் வீட்டு மெஷினுக்கா ஆள் கூப்பிடுவார்? ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டேங்கின் மிதவை தடையில்லாமல் ஏறி இறங்கியது. குளிரூட்டும் காயிலில் பனி கட்டவில்லை. விசிறியில் சத்தமில்லை. எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. கடைசியில் பின்பக்கத்து ஃபில்டரை உருவினார். தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தார். தூசி இல்லை. பாலின்மேல் ஆடை படிகிற மாதிரி ஒரு மெல்லிய வெளுத்த படலம் வலை முழுக்கப் படிந்திருந்தது. நகத்தால் கிள்ளினார். அறுபடாமல் இழுபட்டது. தொட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஃபில்டர் கழுவுறதுன்னா என்னன்னே தெரியாத பய," என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய டூத்பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உலர வைத்தார். டேங்குத் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குனிந்து முகர்ந்தார். தூங்கி எழுந்து பல் விளக்காத ஒருவர் முகத்துக்கு நேரே பேசினால் வரும் வாடை. டேங்கைக் கவிழ்த்துவிட்டு வந்து, உலர்ந்த ஃபில்டரோடு திரும்ப மாட்டினார்.

மனைவி படியில் நின்றுகொண்டிருந்தாள். கடைசிப் படிக்குக் கீழே அவள் இறங்குவதே இல்லை. தம்பி புகட்டிய பயம்.

"ஏன் சத்தமே இல்ல? மெஷின் ஓடலையா?"

"சர்வீஸ் பண்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏன், உன் தம்பிக்கு ரிப்போர்ட் அனுப்பணுமா?"

அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"அத்தான், போடுங்க. முதல்ல ப்ளக்கைப் போடுங்க, அப்புறம் பேசுவோம்."

"ரூம் காஞ்சு கெடக்குடா. வேலையத்த மெஷின். தண்ணி எங்கிருந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன், நீ உன் வேலையப் பாரு."

"அது தண்ணி பிடிக்கறதுக்காக நான் வாங்கல அத்தான்." ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. "மெஷின் ஓடுற வரைக்கும் அதுக்கு உடம்பு சேராது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். "உடம்பு சேரலையாம்! டானிக் வாங்கிக் குடுடா." மனைவி சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு, "போட்டுடுங்களேன்," என்றாள், மெதுவாக. அந்தக் கெஞ்சல்தான் அவரை முடிவெடுக்க வைத்தது. ஒரு குடும்பமே மூளையை அடகு வைத்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று இன்றைக்கு நிரூபித்துக் காட்டிவிடுவது.

சோதனை எளிமையானது, தொழிலில் பலமுறை செய்தது. ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினார். கதவைச் சாத்தி அதன் நான்கு பக்கமும் ஒட்டினார். மெஷினின் ப்ளக் பிடுங்கியபடியே கிடந்தது. மேஜைமேல் ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம். வெளிக்காற்று வராத அறையில் எண் ஏறினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. ஏறாவிட்டால் மெஷின் கோளாறு. ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சு விட்டால் எவ்வளவு ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம், அதைக் கழித்துக்கொள்ளலாம். சாயங்காலம் வரைக்கும் தட்டாதே என்று மனைவியிடம் கத்திச் சொல்லிவிட்டு, அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

வெளியே மழை. ஜன்னலில் செருப்புகள் ஓடின, பிறகு அவையும் இல்லை. விசிறி ஓடாத அறையின் அமைதி அவருக்குப் புதிதாக இருந்தது. இத்தனை நாள் அந்த உறுமல் எதையோ மூடி வைத்திருந்தது போலவும், மூடியைத் தூக்கியதும் அடியில் இருக்கும் அமைதி மெல்ல நெளிவது போலவும் தோன்ற, அந்த நினைப்புக்காகவே தன்மேல் எரிச்சல்பட்டுக்கொண்டு பேனாவை அழுத்தி எழுதினார். தாள் சலசலக்கவில்லை. கை வைத்த இடத்தில் கொஞ்சம் தொய்ந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். எண் ஏறியிருந்தது. தன் மூச்சுக்குக் கழித்தார். மிச்சம் இருந்தது.

பையிலிருந்து ஈரமானியை எடுத்தார். பேனா மாதிரி ஒரு கருவி. முனையில் இரண்டு ஊசிகள். ஈரமான எதிலாவது ஊசி பட்டால் பீப் பீப் என்று கத்தும். நான்கு சுவரிலும் குத்தினார். சத்தமில்லை. தரையில் குத்தினார், அலமாரியில், கட்டில் சட்டத்தில். சத்தமில்லை. எலும்பு மாதிரி காய்ந்த சுவர்கள். "ஈரம் இல்லை," என்று வாய்விட்டே சொன்னார். ஆயிரம் வீடுகளில் சொன்ன சொல். ஈரமானியை மேஜை ஓரத்தில், ஊசி வெளியே நீட்டியபடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

பீப்.

திரும்பிப் பார்த்தார். ஊசிகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் எதுவும் இல்லை.

பேட்டரி, என்று நினைத்தார். மட்டமான சரக்கு.

பீப். பீப். நீளமாக, யாரோ ஊசி முனையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பிறகு விட்டுவிட்டது.

எண் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே, இலக்கம் இலக்கமாக. ஒரு பஸ் நிறைய ஆட்களை இந்த அறைக்குள் திணித்த மாதிரி. ஆனால் சுவர் காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. அப்படியானால் ஈரம் இருப்பது அறையின் நடுவில்.

இப்போது வாடையும் வந்தது. அந்த வாய் வாடை.

பயந்துவிட்டோம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சோதனை முடிந்தது, அவ்வளவுதான், என்று சொல்லிக்கொண்டார். குனிந்து ப்ளக்கைத் தேடினார். விரல் வழுக்கியது. செருகினார். மெஷின் உறுமி எழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு வினாடி மச்சினனைக்கூட மன்னித்துவிட்டார்.

ஆனால் டேங்கில் விழுந்தது சொட்டு இல்லை. குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டியது. கொட்டியது. மிதவை டக்கென்று மேலேறி இடித்தது. சிவப்பு விளக்கு. மெஷின் நின்றது.

நிறைந்த டேங்கோடு அது ஓடாது. கொட்ட வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும்.

கதவுக்கு ஓடினார். டேப் தானாகவே ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திருகி இழுத்தார். அசையவில்லை. மரம் உப்பிச் சட்டத்தோடு இறுகியிருந்தது. இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கூப்பிட வாயைத் திறந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஈரம். வாயில் ஒரு துளி இல்லை. கண்ணுக்குள் மணல். உள்ளங்கைத் தோல் சுருங்கி, கோடுகள் வெடித்துக்கொண்டு வந்தன.

மேலே காலடிச் சத்தம். மனைவி. "என்னங்க? ஏதோ இடிச்ச சத்தம் கேட்டுச்சே?"

பேச முடியவில்லை.

மூக்குக் கண்ணாடி மங்கியது. விரலால் துடைத்தார். மறுபடி மங்கியது. தன் மூச்சுதான் என்று நினைத்து, மூச்சை அடக்கினார். உள்பக்கத்தைத் துடைத்தார்.

உள்பக்கம் காய்ந்திருந்தது.

பனி வெளிப்பக்கம் படிந்திருந்தது. மங்கியது. தெளிந்தது. மங்கியது. அவர் மூச்சு விடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வேறொன்று விட்டுக்கொண்டிருந்தது. நிதானமாக. சாவகாசமாக.

"என்னங்க?" படியில் அவள் குரல் இறங்கி வந்தது. கடைசிப் படி. "உங்களத்தான். பதில் சொல்லுங்க. பயமா இருக்கு."

வராதே. போ. உதடு அசைந்தது, சத்தம் எழவில்லை.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றது அவருடைய குரல்.

அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலிருந்து. அவருடைய அதே சலிப்போடு.

ஏதோ ஒன்று அவரை உரசிக்கொண்டு போனது. கனமாக, வெதுவெதுப்பாக. கால்கள் மடிந்து அவர் சுவரோரம் சரிந்தார். எழ முயன்றார். முட்டி நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. கதவு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கித் திறந்தது.

திறந்த இடைவெளியில் படி தெரிந்தது. அவள் கால்கள் தெரிந்தன. இன்னொரு ஜோடிக் கால்களும்.

"ஐயோ, என்னங்க இது கோலம்? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்க!"

"ஒண்ணுமில்ல. டேங்க் கவிழ்ந்துருச்சு."

"நான்தான் சொன்னேனே. குனிங்க, தலையத் துவட்டிவிடறேன். சளி பிடிச்சுக்கப் போகுது."

துணி உரசும் சத்தம். அவள் சிரித்தாள், வெகு நாளைக்கப்புறம் அவள் சிரித்துக் கேட்டது. துண்டுக்கு அடியில் அந்தத் தலை அவள் பக்கமாகக் குனிந்தது. துவட்டினாள். துவட்டத் துவட்ட, படி நெடுகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, காயவே மாட்டேங்குதே," என்றாள்.

துண்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்து, மிகவும் மெதுவாக, அவள் கன்னங்களைப் பற்றிக்கொண்டன.