நாற்பத்து மூன்றாவது பெயர்

மழை கட்டி நின்ற ஒரு சாயங்காலம், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பழைய கட்டடத்துக்கு வித்யாலட்சுமி புது வேலைக்கு வந்து சேர்ந்தாள். வேலூர்ப் பெண். ஆபீஸ் முடிந்து வீடு போகிறவர்களுக்கு வண்டி ஒதுக்கும் வேலை. மூன்றாம் மாடியில் சன்னல் இல்லாத அறை. உள்ளே நுழைந்ததும் ஈரத்துணியும் முகப்பவுடரும் கலந்த ஒரு வாசனை.

பக்கத்து மேசையில் ரெமிஜியஸ், ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தவர். "மூக்கைப் பொத்தாதம்மா, பழகிடும். நான் ரெண்டு வருஷமா பழகிட்டே இருக்கேன்," என்றார்.

வண்டி ஒதுக்குவது ஒரு கறுப்புத் திரையில். ‘வண்டி’ என்று கட்டளை தட்டி, போகிறவர் பெயரை முழுசாகத் தட்டி, என்டர் அழுத்த வேண்டும். டேப் பொத்தானை அழுத்தினால் கணினி மீதி எழுத்துகளைத் தானே நிரப்பும். ஆனால் அதற்குக் கோப்புகளின் பெயர்கள் மட்டும்தான் தெரியும். இது உங்களுக்குப் புதிதாக இருந்தாலும் பாதகமில்லை, கண்ணுங்களா. இரண்டாம் நாள் வித்யா ஏழெட்டு வரி எழுதி அதை மாற்றினாள், அவ்வளவுதான். இனி அன்றைய பட்டியலில் இருப்பவர்களின் பெயரை அது எடுத்துக்கொடுக்கும். இரண்டு எழுத்து, டேப், என்டர்.

சரிபார்க்க, எழுத்து எதுவும் தட்டாமல் டேப்பை அழுத்தினாள். பெயர்கள் வரிசையாக வந்தன. பட்டியலில் இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். திரையில் நாற்பத்து மூன்று.

கடைசியில், மௌரீன்.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். இல்லை. தான் எழுதிய வரிகளிலும் இல்லை.

"அங்கிள், மௌரீன்னு யாராவது இருக்காங்களா?"

ரெமிஜியஸ் டீயைக் கீழே வைத்தார்.

"உன் நாற்காலியில இருந்த பொண்ணும்மா. எங்க சர்ச்சுதான். ரெண்டு வருஷம் ஆச்சு. நல்ல மழை. எல்லாருக்கும் வண்டி போட்டு அனுப்பிட்டா. அவளுக்குன்னு ஒண்ணு மிஞ்சல. மெயின் ரோட்டுக்கு நடந்து போனா. லாரி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பேரைத் தொடாதே."

மூன்றாம் நாள் வானம் கிழிந்து கொட்டியது. ஏழு மாதக் கர்ப்பிணி தீபிகா வாசலில் வந்து நின்றாள். வீடு ஹெப்பகோடி, பத்து நிமிஷ வழி.

"அக்கா, என்னை மொதல்ல அனுப்பிடுங்க. இடுப்பு விட்டுப்போச்சு."

இரண்டு எழுத்து, டேப், என்டர். பழகிய கை கண்ணுக்காகக் காத்திருக்கவில்லை.

அவள் போன பிறகுதான் வித்யா திரையைப் படித்தாள்.

தீபிகா, மௌரீன். ஒரே வண்டி.

போன் அடித்தது. டிரைவர் உத்தமன். "மேடம், ரெண்டு பேரும் ஏறிட்டாங்க. கெளம்பறேன்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கால் மணி கழித்து தீபிகாவே கூப்பிட்டாள், கிசுகிசுப்பாக. வித்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் தனியாத்தான் இருக்கேன். ஆனா இவரு கண்ணாடியப் பாத்துப் பேசிட்டே வராரு. ‘சரிங்க மேடம், ஒங்களையே மொதல்ல எறக்கறேன்’னு. எங்க வீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல. மேம்பாலத்துல ஏறிட்டாரு. நான் கூப்பிடறது அவருக்குக் கேக்கல." மூச்சு வாங்கியது. "வயிறு வலிக்குதுக்கா."

"எறக்கிடும்மா," என்றார் ரெமிஜியஸ். "அந்தப் பேரை வண்டியிலேர்ந்து எறக்கிடு."

‘இறக்கு’ என்று தட்டி டேப்பை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அழுத்தினாள். எல்லாப் பெயரையும் எடுத்துக்கொடுத்த திரை இப்போது வாய் திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் பவுடர் வாசனை நெருங்கியது.

திரும்பிப் பார்க்காமல், மௌரீனின் பெயரை எழுத்தெழுத்தாகத் தானே தட்டினாள். என்டர்.

போனில் திடீரென்று காற்றும் மழையும் இரைந்தன. பிறகு ஒரு கதவு அடைபடும் சத்தம்.

"அக்கா," என்றாள் தீபிகா. "பக்கத்துக் கதவு தொறந்து மூடுச்சு. வண்டி ஓடிட்டேதான் இருக்கு."

அடுத்த இறக்கத்தில் உத்தமன் வண்டியைத் திருப்பினான். தீபிகா வீடு சேர்ந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் டேப்பை அழுத்தியபோது நாற்பத்திரண்டு பெயர்களே வந்தன. ரெமிஜியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். வித்யாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மேம்பாலத்தில் மனுஷர் இறங்கி நிற்க ஏது இடம்? வீட்டுக்குப் போகக் காத்திருந்தவளை, கொட்டுகிற மழையில், நடுவழியில் இறக்கிவிட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் அனுப்பிய பிறகு ஒரு வண்டி மிஞ்சியது. உத்தமனுடையது. வித்யா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் வண்டியை எடுக்கவில்லை. குடையோடு இறங்கி, மறுபக்கம் போய், பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சாரல் உள்ளே அடித்தது.

"ஸ்வல்ப தள்ளி உக்காருங்க மேடம்," என்றான்.

வித்யா தள்ளி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் சீட் மெல்ல அமிழ்ந்தது.