எதிர்ப்பக்கம் திரும்பும் சக்கரம்

ரிமோட்டை அணைத்த பிறகும் பொம்மை பைக்கின் முன்சக்கரம் மெல்லத் திரும்பியது.

லோரன் ஹாகன் மேசை ஸ்டாண்டில் நின்ற வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். அமெரிக்காவின் டுலூத் நகரில் விடிந்ததிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. கராஜ் கதவின் அடி ரப்பர் சிமெண்டுத் தரையோடு உறைந்து ஒட்டிவிட, பக்கக் கதவைப் பனிக்குவியல் வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஹீட்டரில் மண்ணெண்ணெய் அடிமட்டத்துக்கு வந்து, கருகிய திரி நாற்றம் தொண்டையில் இறங்கியது. அது அணைவதற்குள் கூட்டாளி கஸ் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். அதுவரை ஸ்டியரிங்கைச் சரிசெய்யலாமென்று உட்கார்ந்தவனுக்குத்தான் இந்தக் கூத்து.

போனில் சொன்னபோது கஸ் சிரித்தான்.

"மறுபடி இடம் வலம் மாத்துற ரிவர்ஸ் சுவிட்சைத் தள்ளிட்டியாடா? போன தடவை நேரா சுவத்துல கொண்டுபோய் விட்டவன்தானே நீ."

"சுவிட்ச் இல்லடா. தானா திரும்புது."

"குளிர் மண்டைக்கு ஏறிடுச்சு. கிளம்பிட்டேன், இரு."

லோரன் சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவின் கையைக் கழற்றி நடுவில் வைத்து முடுக்கினான். ஸ்பிரிங்கை இறுக்கினான். ரிமோட்டில் சக்கரத்தை நேராக்கும் டிரிம் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். சக்கரம் திரும்பியது. கடைசியில் பேட்டரியையே பிடுங்கினான். அது அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. வண்டிக்குள் சர்வோ கொசுபோல ரீங்கரித்தது.

அவன் மேசைக்கு வலப்பக்கம் நகர்ந்தான். சக்கரம் இடப்பக்கம் போனது. இடப்பக்கம் வந்தான். வலப்பக்கம் போனது. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும் என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

இந்த வண்டிகள் அப்படித்தான். சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் வண்டி சாயும். சாய்ந்த பக்கம்தான் போகும். புதிதாக வாங்குகிறவர்கள் இது தெரியாமல்தான் சுவிட்சை மாற்றி மோதுவார்கள்.

அது அவனிடமிருந்து விலகவில்லை. அவன் பக்கம் வரப் பார்க்கிறது.

கதவுக்கு ஓடினான். ரப்பரை நகத்தால் பிறாண்டினான். அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் சிமெண்டில் ஏதோ இறங்கியது. தொப். தொப். விழுந்த சத்தமில்லை, இரண்டு சக்கரமும் ஒவ்வொன்றாக ஊன்றிய சத்தம்.

வெளியே மண்வெட்டி பனியைச் சுரண்டியது.

"லோரன், வந்துட்டேன். உள்ளேருந்து தூக்கு."

தூக்க வேண்டுமானால் குனிய வேண்டும். முதுகைக் காட்ட வேண்டும். அவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"தூக்குடா. தூங்கிட்டியா?"

ஹீட்டர் அணைந்தது. மங்கல் வெளிச்சத்தில், தரை நடுவில், பைக் நின்றது. ஸ்டாண்டு இல்லை. சக்கரங்கள் உருளவில்லை. முன்சக்கரம் அவனுக்கு எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பியது.

வண்டி அவன் பக்கம் சாய்ந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஓட்டியின் முழங்கால் சிமெண்டை உரசும்வரை சாய்ந்தது.

விழவில்லை.