இருபத்தைந்து மில்லிமீட்டர்

செல்போன் அலறியது.

"ஏட்டி மாலதி... பூலோகம் மாமா போயிட்டாவளே! பிளான்ட்ல ஆசிட் பைப்பு வெடிச்சு..."

தாராவியிலிருந்து அம்மா கோமதியம்மாள்.

மும்பை செம்பூர் ஆபீசில் மாலதி போனை மேஜைமேல் வைத்தாள். அந்தப் பைப்லைன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டவளே அவள்தான்!

கதவு திறந்தது. மேனேஜர் அனந்தநாராயணன். பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் மகேஷ்குமார், தாராவியில் பிறந்த தமிழர்.

"இவள்தான் சார்! ஆசிட் டேங்க் நிரம்பினா அடியில தரை இருபத்தஞ்சு மில்லிமீட்டர் இறங்கும். பைப்பைத் தாங்கற சப்போர்ட்டும் கூடவே இறங்கும். அந்த நம்பரை சாஃப்ட்வேர்ல இவ போடலை!"

"போட்டேன் சார்! ஸ்ட்ரெஸ் எல்லை தாண்டிச்சு. டிசைனை மாத்தணும்னேன். டெலிவரி லேட்டாகும்னு ஃபைலை நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"பொய்! நான் தொடவே இல்லை!"

வாய் கூசாத பொய்.

மாலதி கம்ப்யூட்டரில் தன் பழைய ஃபைலின் காப்பியைத் திறந்தாள்.

"சரி சார்... சப்போர்ட் இறங்காதுன்னு இந்த சாஃப்ட்வேர்கிட்ட எப்படிச் சொல்லணும்? செஞ்சு காட்டுங்க."

"இதென்ன பெரிய வித்தையா?"

இருபது வருடமாகக் கையெழுத்து மட்டுமே போட்ட கை அது. நம்பரை அழித்தது. கட்டம் காலி! கணக்கை ஓட்டினார்.

எல்லாம் பாஸ். சப்போர்ட்டின் மேல் விழும் பாரம் மட்டும்... சைபர்!

பிளான்ட்டுக்குப் போன ரிப்போர்ட்டை மாலதி பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே சைபர்!

"புரியலையேம்மா?" என்றார் மகேஷ்குமார்.

"இறங்காதுன்னா கட்டத்துல சைபர் போடணும் சார். காலியா விட்டா, அங்க சப்போர்ட்டே தாங்கலைன்னு சாஃப்ட்வேர் எடுத்துக்கும். தினம் இதுல வேலை பாக்குற யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டோம்!"

அனந்தநாராயணனின் முகம் வெளுத்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மகேஷ்குமார் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"இவ்ளோ பளிச்சுன்னு தெரியுது... நீங்க இதை எப்பம்மா பாத்தீங்க?"

மாலதி திரையில் ஃபைலை மூடினாள்.

"சொல்லுங்க!"

"...போன மாசமே. வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன் சார்... மாமா அங்கதான் வேலை பாக்குறாவன்னு தெரிஞ்சும்!"

அழுதாள். யார் அழுது என்ன? போன உயிர் போனதுதான்.

"ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க," என்றார் மகேஷ்குமார் கசப்பாக. "எங்க ஸ்டேஷன் பெஞ்ச்சை நம்பி உட்காரலாம்... ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது!"