வடக்குச் சுவர்

ஜூன் கடைசி சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மார்னியும் கெல்வினும் தாங்கள் வாங்கிய பழைய வீட்டில் வந்து இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில் ஜூன் என்றால் குளிர்காலம், எலும்பு வரை குளிரும். ஹியூன் ஆற்றுக்கு மேலே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில், நூற்று நாற்பது வருஷத்துக் கல் வீடு. கெல்வின் வண்டியிலிருந்து தன் வரைபலகையை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனான். கெட்டில், கம்பளி, விறகு மூட்டை எல்லாம் மார்னி தலையில்.

அவன் வீடுகள் வரையும் ஆர்க்கிடெக்ட், சொந்தத் தொழில். அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்து நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாயிற்று, இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். போன் எடுப்பது, கவுன்சிலுக்குப் படிவம் நிரப்புவது, கத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு டீ கொடுத்து அடக்குவது எல்லாம் அவள் வேலை.

அவன் வரைகிற ஒவ்வொரு வீட்டின் படத்திலும் சமையலறையில் சின்னதாக ஒரு பெண் உருவம் நிற்கும். சுவர் எவ்வளவு உயரம் என்று காட்ட ஆள் உருவம் வரைவது அந்தத் தொழிலில் வழக்கம். கெல்வின் வரைவது எப்போதும் மார்னியைத்தான். இப்படி ஊரார் சமையலறைகளில், காகித வெயிலில் நின்றே அவளுக்கு வயசாகிவிட்டது. நிஜத்தில் அவள் சமைத்ததெல்லாம் இருட்டு வாடகை வீடுகளில். குளிர் பட்டால் அவள் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும், கரண்டி பிடிக்க வராது.

"இந்த வீட்டுல உனக்கு வெயில் அடிக்கிற சமையலறை, மார்னி. சத்தியமா," என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தான்.

உள்ளே பழைய ஆட்டுக் கொழுப்பு வாடை, ஈர மண் வாடை. சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் தெற்கே. அந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வடக்குப் பக்கமோ வெறும் சுவர்.

"எந்த மடையன் கட்டினான் இதை?" என்றாள்.

"இங்கிலாந்துலேருந்து வந்தவன். அங்கே வெயில் தெற்கே. அந்தப் பிளானைத் திருப்பாம அப்படியே கட்டிட்டான்." கெல்வின் சிரித்தான். "விடு, அடுத்த கோடையில அந்தச் சுவரை இடிச்சிடலாம்."

சுவரில் ஏதோ சுரண்டியது.

அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். மெதுவாக, விடாமல்.

"எலி," என்றான் கெல்வின்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்து நோலீன் ஆப்பிள் கேக்கோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"சுரண்டறாளா?" என்று கேட்டாள், மழை வருமா என்று கேட்பது மாதிரி.

"யாரு?"

"ஹெஸ்டர். வீட்டைக் கட்டினவன் பொண்டாட்டி. ஒரு ஜன்னல் வையேன்னு முப்பது வருஷம் கேட்டிருக்கா. அடுத்த கோடை, அடுத்த கோடைன்னே அவன் ஓட்டிட்டான். கடைசியில அவளே கரண்டியை எடுத்துட்டா. இந்த வடக்குச் சுவர் அடியிலதான் செத்துக் கிடந்தாளாம். ஒரு விரல்லயும் நகம் இல்லையாம்." நோலீன் கேக் தட்டை மேசையில் வைத்தாள். "தட்டை அப்புறமா கொடுத்தனுப்பு."

மார்னிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பது வருஷம்.

அன்று மதியம் கெல்வின் கடைக்குப் போயிருந்தபோது, வரைபலகையில் இந்த வீட்டுக்கு அவன் வரைந்து முடித்திருந்த படத்தைப் பார்த்தாள். வடக்கே, சுவருக்கு வெளியே, சுற்றிலும் கண்ணாடி வைத்து ஒரு பெரிய அறை. 'அலுவலகம்' என்று எழுதியிருந்தது. சமையலறை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அதில் அந்தச் சின்ன மார்னி தெற்கு ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

கண்ணாடி அறைக்குள் இன்னொருத்தி நின்றாள். உயரக் கொண்டை. தரையைத் தொடும் பாவாடை.

கெல்வின் வந்ததும் படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாரு?"

"நான் உன்னை மட்டும்தானே வரைஞ்சேன்."

"சரி, அது போகட்டும். என் ஜன்னல் எங்கே?"

அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான். "என் வேலைக்கு வெளிச்சம் வேணும் மார்னி. உனக்குத்தான் விளக்கு இருக்கே. சமைக்க அது போதாதா?"

"இருபத்து நாலு வருஷமா உன் வேலையைத் தூக்கிச் சுமந்தது யாரு? ஊருக்கெல்லாம் வெயிலை அள்ளிக் கொடுப்பே, எனக்கு விளக்கா? நல்லா இருக்குடா உன் நியாயம்."

"கத்தாதே. அடுத்த கோடையில ஏதாவது பாத்துக்கலாம்."

சுரண்டல் சட்டென்று நின்றது.

யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது மாதிரி ஓர் அமைதி.

கெல்வின் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு தன் அலுவலகத்துக்கு அளவு குறிக்க வெளியே போனான். மார்னி மேசையிலிருந்த கரண்டியை எடுத்தாள். விரல் மரத்திருந்தது, ஆனாலும் பிடித்தாள். சுவர் அடியில் மண்டியிட்டு, ஏற்கெனவே குழிந்திருந்த இடத்தில் சுரண்டினாள். காரை பொலபொலவென்று கொட்டியது. பாதி வேலையை யாரோ செய்து வைத்திருந்தார்கள். கல்லிடுக்கில் ஒரு துளை விழுந்து, வெயில் அவள் கைமேல் வந்து விழுந்தது.

துளையில் கண்ணை வைத்தாள்.

கெல்வின் குனிந்து முளை அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் உயரக் கொண்டைக்காரி நின்றாள். அவன் இரண்டு தோளிலும் கை வைத்திருந்தாள்.

கூப்பிட்டு எச்சரிக்கலாம். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

மார்னி வாயைத் திறக்கவில்லை.

கெல்வின் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தான். நேராகப் போய்க் காரை குழைத்தான், துளையை அடைத்தான். மறுநாள் காலை துளை திறந்திருந்தது. மறுபடி அடைத்தான். மூன்றாம் நாள் உச்சிவேளையில் மார்னி நோலீன் வீட்டுக்குத் தட்டைக் கொடுக்கப் போய்த் திரும்பியபோது, அவன் சுவர் அடியில் மண்டியிட்டுக் கிடந்தான். பத்து விரலிலும் ரத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஜன்னல் வை," என்று சுவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு ஜன்னல்."

சாகவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். எல்லாம் இருட்டாக இருக்கிறது என்றே அவன் சொல்லிக்கொண்டிருந்தான், கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கோடைக்கு முன்பே மார்னி ஆள் வைத்துச் சுவரை உடைத்தாள். இப்போது அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஜன்னல், காலை முதல் சாயங்காலம் வரை தரையெல்லாம் வெயில். அவள் விரல் மரத்துப்போவதே இல்லை. கெல்வின் அதே சமையலறையில், வெயிலில் போட்ட நாற்காலியில், கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறான்.

"மார்னி, ரொம்ப இருட்டா இருக்கு. குளிருது. ஒரு ஜன்னலாவது வையேன்," என்கிறான், பட்டப்பகலில்.

மார்னி அந்தப் பழைய படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். அதில் இப்போது அலுவலகம் இல்லை. வடக்கே ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் ஓரத்தில் இரண்டு பெண்கள். தெற்கு மூலையில் ஓர் ஆண் மண்டியிட்டிருக்கிறான். கெல்வின் அதற்கப்புறம் பென்சிலைத் தொடவே இல்லை.

"மார்னி, கேக்குதா? ஒரு ஜன்னல்..."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த கோடையில பாத்துக்கலாம்."

சொன்னது இரண்டு குரல்.