கிராணி கம்ப்யூட்டரில் மூன்றாவது வரி

போன நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கேமரன் மலையில், ரிங்லெட்டில் என் கம்ப்யூட்டர் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினேன். நானும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன்தான். பதினெட்டு வயதில் ஒன்றரை வருடம் அங்கே செடிகளுக்கு மருந்து அடித்திருக்கிறேன். முப்பது வருடம் கழித்து கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், இருந்த அந்தப் பழைய ஆபீஸ் முன்னால் வண்டியை நிறுத்தும்போது, பனி இறங்கித் தேயிலைச் சரிவில் பாதியை மூடியிருந்தது.

வாசலில், கொழுந்து எடுக்கும் வேலாயி அக்காவும் அவர் மகள் மலரும் நின்றிருந்தார்கள்.

"வந்துட்டியாடா ஹரி. நேரத்தோட வந்துட்டான் பாரு, அதிசயம்தான்" என்றார் அக்கா. மகளிடம் திரும்பி, "பெரட்டுல இவன் பேரு கூப்பிடுறப்ப இவன் லைன்ல தூங்கிட்டு கெடப்பான். நாந்தான் 'வந்துகிட்டு இருக்கான் ஐயா'ன்னு சொல்லி இவனைக் காப்பாத்துவேன்."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேர் கேட்டதும் பதில் சொல்லவேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. பிந்துகிறவனுக்காகப் பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னாலும் கிராணி ஏற்றுக்கொள்வார். ஆள் கணக்கு குறையக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

நான் வந்த காரணம் மலர். லைன் வீட்டில் பிறந்தவள். ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. இருபத்து நாலு வயதாகியும் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. அவள் இங்கே பிறந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி, தோட்டத்துப் பதிவேட்டில் பெரிய கிராணி தங்கையா எழுதிவைத்த ஒரு பக்கம். புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் கிராணி அதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். எத்தனையோ முறை கேட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை. "உனக்கு ஐசி கெடைச்சா ஒங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு டவுனுக்கு ஓடிருவ. எனக்கு ரெண்டு ஆளு குறையும்" என்பாராம். இரண்டு மாதத்துக்கு முன் அதே ஆபீஸில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார்.

மறுநாள் காலை மலருக்குப் பதிவு இலாகாவில் விசாரணை. அந்தப் பக்கம் கையில் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

கதவைத் திறந்தேன். பூஞ்சை வாடை. அதற்கடியில் கோடாலித் தைல வாடை. கிராணி நெற்றியில் எந்நேரமும் தடவிக்கொள்வது அது.

அக்கா உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். நேராக விண்டோஸ் வந்தது. புது மேனேஜர் விண்டோஸைத் திரும்பப் போட்டிருந்தார். கிராணி தன் வேலையெல்லாம் அதே கம்ப்யூட்டரில் இருந்த லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தில்தான் வைத்திருந்தார்.

"எல்லாம் அழிஞ்சு போச்சா அங்கிள்?" என்றாள் மலர்.

"இல்லம்மா. தாப்பா ஜங்சன்ல போர்டு இருக்குல்ல, இந்தப் பக்கம் ஈப்போ, அந்தப் பக்கம் கேமரன்னு. அந்த மாதிரி இதுலயும் ஒன்னு இருக்கும். பூட் லோடர்னு சொல்வாங்க. விண்டோஸ் வந்து போர்டைப் பிடுங்கிருச்சு. ரோடு அப்படியே கெடக்கு."

"அப்ப போர்டை நட்டா போதும்லா."

"அவ்வளவுதான்."

கிராணி கோப்புகளைப் பூட்டி வைத்திருந்ததால் வெளியிலிருந்து எடுக்க வழியில்லை. லினக்ஸுக்குள் போய்த்தான் திறக்கவேண்டும். கடவுச்சொல்லைக் கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

நான் கொண்டுபோன பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். லினக்ஸ் இருந்த பகுதியைத் தேடிப் பிடித்து, பூட் லோடரைத் திரும்பப் பதித்தேன். பத்து வருடமாகச் செய்கிற வேலை. கடைசியில் அது ஹார்ட் டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பட்டியல் போடும். லினக்ஸ் வந்தது. விண்டோஸ் வந்தது.

மூன்றாவதாக ஒரு வரி வந்தது.

பெரட்டு.

டிஸ்க்கில் இருந்தது இரண்டே பகுதி. மூன்றாவது பகுதி என்று எதுவும் இல்லை.

"குசும்பு பிடிச்ச கிராணி" என்று சிரித்துக்கொண்டே ரீஸ்டார்ட் செய்தேன். திரையில் மூன்று வரி. கீழே பத்திலிருந்து எண் இறங்கியது. வெளிச்சப் பட்டையை லினக்ஸில் நிறுத்தினேன். அது தானாகக் கீழே இறங்கி மூன்றாவதில் நின்றது. மேலே ஏற்றினேன். மறுபடி இறங்கியது.

எண் முடிந்தது.

திரை கறுத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது.

"மணியம்மா."

கிராணியின் குரல். திரையில் வெள்ளை எழுத்தில் அதே பேர்.

வெளியே, பனி மூடிய மலையிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேங்க."

மலர் என் சட்டையைப் பிடித்தாள். "அங்கிள், மணியம்மா பாட்டி போன வருசமே செத்துட்டாங்க" என்று கிசுகிசுத்தாள்.

ஒவ்வொரு பேராக வந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த பேர்கள். எல்லாம் செத்தவர்கள். ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிடக் கிட்டத்தில் கேட்டது. கடைசிப் பதில் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்தது.

"மலர்."

அவள் உதடு பிரிந்தது. அக்கா ஒரே எட்டில் உள்ளே பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினார்.

"மலர்."

நான் மேசைக்கு அடியில் குனிந்து வயரைத் தேடினேன்.

"மலர்."

அக்கா கையை எடுக்கவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. திரையில் மலர் பேர் மீது ஒரு கோடு விழுந்தது. அக்கா கையை எடுத்துப் பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான், அதட்டலாக,

"வேலாயி."

நாற்பது வருடம், ஒரு நாள் தவறாமல் பெரட்டில் நின்றவர். யோசிக்க நேரமில்லை. உடம்பு நிமிர்ந்தது. வாய் தானாகச் சொன்னது.

"இருக்கேங்க ஐயா."

வயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரை மட்டும் அணையவில்லை.

"ஆளு சரி" என்றது குரல். பிறகுதான் திரை அணைந்தது.

அக்கா கிட்ட வந்தார். என் கையைப் பிடித்து, "புள்ள காகிதத்த எடுத்துக் குடுத்துரு ஹரி" என்றார். விரல்கள் விறைத்துக் குளிர்ந்திருந்தன.

ஓடிப்போகத்தான் கால் சொன்னது. ஆனாலும் வயரை மாட்டினேன். இப்போது இரண்டே வரி. லினக்ஸ் ஒழுங்காகத் திறந்தது. மலரின் பக்கம் கிடைத்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விடிகாலை மலர் போன் செய்தாள்.

"அங்கிள், டாக்சி வந்து நிக்குது. அம்மாவக் காணோம். கொழுந்துக் கூடையும் இல்ல."

மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். மேல் சரிவில், செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. கூடை நிறையக் கொழுந்து. அந்தச் சரிவில் செடிகளைக் கவாத்து வெட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெறும் குச்சிகள்தான் இருந்தன. அந்தக் கொழுந்து எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் மலருக்கு ஐசி கிடைத்தது. இப்போது கிள்ளானில் வேலை செய்கிறாள். தோட்டத்துப் பக்கமே வருவதில்லை.

அவள் பேரில் கோடு விழுந்துவிட்டது. என் பேரும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, கோலா தெர்லாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டரைப் போட்டேன். அதில் விண்டோஸ் மட்டும்தான். திரையில் இரண்டு வரி வந்தது.

இரண்டாவது வரியைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

கோடாலித் தைல வாடை வந்தது.

"ஹரிதாஸ்."

துண்டைக் கடித்தேன்.

"ஹரிதாஸ்."

கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு தரம்தான். அப்புறம் கோடு விழுந்துவிடும்.

"ஹரிதாஸ்."

நான் வாயைத் திறக்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிகக் கிட்டத்தில், வேலாயி அக்காவின் குரல் பதில் சொன்னது.

"வந்துகிட்டு இருக்கான் ஐயா."