மாற்றித் தைத்த அட்டை

"ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்னீங்க... எனக்கு ஒரு ஆரஞ்சுப் படகோட அடிவயிறுதான் தெரியுது!"

காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். பெரிய மருமகள் தலை நிமிராமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

கப்பலேறி இது மூன்றாவது நாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காகச் சின்ன மகன் ஏற்பாடு செய்த பயணம். விளம்பரப் படத்தில் பளபளத்த அறைகள் நேரில் பல்லிளித்தன. மாமியாரின் ஜன்னலை மறைத்துக்கொண்டு ஓர் உயிர்காப்புப் படகு தொங்கியது. சின்னவனுக்கும் அவன் மனைவிக்கும் ஜன்னலே இல்லை. எஞ்சின் சத்தத்தில் தலையணைகூட அதிர்ந்தது. மூன்றாவது அறை பெரியவளுக்கு. எலெக்ட்ரீஷியனான கணவனுக்கு லீவு கிடைக்காமல் அவள் மட்டும் வந்திருந்தாள். அந்த அறையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. தட்டியவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பியிருந்தாள்.

சந்தேகம் கால் முளைத்து நடக்க வேறென்ன வேண்டும்?

"அக்கா, காலையில ஆறு மணிக்கு எட்டாவது மாடியில டவலோட போனீங்களே..." சின்ன மருமகள் தேன் தடவிய குரலில் கேட்டாள். "பால்கனி ரூமெல்லாம் அங்கதானே இருக்கு?"

"சும்மா... காத்து வாங்கப் போனேன்."

"தலைய நனைச்சுக்கிட்டா காத்து வாங்குவாங்க?"

சின்னவன் சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துணி அட்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

பெரியவள் தையல்காரி. பெட்டிகள் இடம் மாறிவிடக் கூடாதென்று, அறை எண் எழுதிய துணி அட்டைகளை ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் வீட்டிலேயே மெஷினில் அடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"என் பெட்டியில இருந்தது. நல்லாப் பாரு. மெஷின்ல அடிச்ச ஓட்டை அப்படியே இருக்கு, தையல் மட்டும் கைத்தையல். பன்னெண்டு வருஷமா என் ரவிக்கைக்குக் கொக்கி வெக்கிற கை எனக்குத் தெரியாதா? ரூமை மாத்தினியா, இல்லையா?"

பெரியவள் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாத்தினேன் அத்தை..."

"கேட்டுக்கிட்டியாடா! என் பொறந்தநாளுக்கு வந்துட்டு என் ரூமையே அமுக்கிக்கிட்டா! இவளைப் போயி வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே... ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நல்ல பெயர், ஒரு ரொட்டி தின்று முடிப்பதற்குள் போய்விட்டது. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் பழி சின்னவன் தலையில் விழும்; அம்மா அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். இன்னும் இரண்டு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

"எந்திரி. சாவிய எடு. அந்தப் பால்கனிய நானும் ஒரு தடவை பாக்கறேன்."

"வேண்டாம் அத்தை... கெஞ்சிக் கேக்கறேன்..."

"கெஞ்சுறதப் பாத்தா ரெண்டு பால்கனி இருக்கும்போல!" என்றாள் சின்னவள்.

லிஃப்டில் ஏறியதும் சின்னவளின் விரல் எட்டுக்குப் போனது. பெரியவள் மெல்லக் கை நீட்டி இரண்டை அழுத்தினாள்.

அறைக் கதவு திறந்ததும் ஈரக் கம்பளத்தின் நாற்றம் முகத்தில் அடித்தது. ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர், கட்டில் நடுவே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தை சுவரோரம் சாய்ந்து நின்றது. குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். நனையாத ஒரே மூலையில் உயிர்காப்பு உடுப்புகளை வரிசையாகப் பரப்பி, மேலே ஒரு போர்வை விரித்திருந்தது. அதுதான் அவள் படுக்கை.

"இதுல... இதுலயா படுத்திருந்த?"

மாமியார் தடுமாறி மேஜையைப் பிடித்தாள். அங்கே கப்பல்காரர்கள் வைத்த வாழ்த்து அட்டை ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் ஈரம் ஊறிப் போயிருந்தது.

'இந்த அறையில் தங்கும் அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்!'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"இது... எனக்குக் குடுத்த ரூமா?"

"ஏறுறப்போ நீங்கள்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீங்க. சாவி குடுத்த பொண்ணு, இந்த ரூம்ல ஏசி ஒழுகுது, கப்பல்ல வேற ரூமே இல்லன்னு சொல்லிட்டா. முழங்கால் வலியோட நீங்க எப்படி அத்தை இந்த ஈரத்துல...? அங்கேயே உக்காந்து ரெண்டு அட்டையையும் பிரிச்சு மாத்தித் தைச்சேன். சாவியையும் மாத்திக்கிட்டேன். குளிக்க மட்டும் மேல, நீச்சல்குளத்துப் பக்கம் போவேன்."

"வாயத் திறந்து சொல்றதுக்கென்னடி!"

"தம்பி ஆசையாப் பண்ணின ஏற்பாடு... நீங்க அவரைத் திட்டுவீங்க. பொறந்தநாளும் அதுவுமா எதுக்குன்னு..."

"அண்ணி!" என்று சின்னவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். சின்னவள் அந்த ஈரக் கம்பளத்தில் உட்கார்ந்து விசும்பினாள்.

மாமியார் குனிந்து போர்வையை மடித்தாள். முழங்கால் வலித்தது; விடவில்லை. பெரியவளின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே அடக்க முடியாமல் திரும்பி, மருமகளை இறுகக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"என் கட்டில் பெருசு. நீ உள் பக்கம் படுத்துக்க."

"அத்தை... ஜன்னல்ல கடல் தெரியலன்னு வருத்தப்பட்டீங்களே..."

"யாரு சொன்னா? அந்த ஆரஞ்சுப் படகு நல்லாத்தான்டி இருக்கு. வா... ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்."