யார் பேர்ல மன்னிச்ச?

வலது உள்ளங்கையின் ஈரம் காயவே இல்லை. தச்சன் அதைக் கால்சட்டையில் துடைத்தான், துண்டில் துடைத்தான், வீட்டுக்கு வந்தும் எரிச்சல் தாங்காமல் பையிலிருந்த மரத்தூளை அள்ளித் தேய்த்தான். தூள் குழைந்து ஒட்டியதுதான் மிச்சம். இடது கை மட்டும் வழக்கம்போல் சொரசொரவென்று உலர்ந்திருந்தது. வலது கையை மோந்து பார்த்தான். பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம்.

எல்லாம் அந்தக் கோயில் வேலையால் வந்த வினை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டின் கதவு தரையில் உரசுகிறது என்று ஃபாதர் ஒரு வாரமாக நச்சரித்தார். போனால், சாவியைக் கொடுத்துவிட்டு ஆளையே காணோம். துருப்பிடித்த திருகாணி ஒன்றாவது அசைந்து கொடுக்க வேண்டுமே. ஃபாதர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து அவன் கீலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, துளையிட்ட தடுப்புக்கு அப்பால் யாரோ மண்டியிட்டார்கள். ஈரத்துணி பலகையில் படியும் சத்தம் கேட்டது.

“என் தம்பியத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டேன் சாமி,” என்றது ஒரு பெண் குரல். அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோல் இருந்தது.

“நான் ஃபாதர் இல்லம்மா. தச்சு வேலைக்கு வந்தவன். அப்புறம் வாங்க.”

அவள் நகரவில்லை. மறுபடி அதே பேச்சு. மறுபடியும். திருகுளி வழுக்கி அவன் விரலைக் கிழித்தது. பொறுமை பறந்துபோனது.

“சரிம்மா, நான் மன்னிச்சிட்டேன். கெளம்புங்க.”

அப்பால் ஒரு நீண்ட பெருமூச்சு. எட்டிப் பார்த்தால் மண்டியிடும் பலகை காய்ந்து கிடந்தது. அவன் வலது கைதான் நனைந்திருந்தது.

இப்போது வேறு வழியில்லாமல் ஃபாதருக்குப் போன் போட்டான்.

“கூண்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க ஃபாதர். அவங்க என்ன சொன்னாங்கன்னா...”

“சொல்லாத. அங்க கேட்டத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்கிட்டகூட. நீ என்ன சொன்ன, அத மட்டும் சொல்லு.”

“மன்னிச்சாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“யார் பேர்ல மன்னிச்ச?”

“யார் பேர்லயும் இல்ல. தொல்லை தாங்காம, நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்.”

மறுமுனையில் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது.

“நாங்க ஆண்டவர் பேர்ல சொல்றோம்ப்பா. அதனால பாவத்த அவர் சுமக்குறாரு. நீ உன் பேர்ல சொல்லியிருக்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்? அப்பலேர்ந்து கையில ஈரம் காயவே மாட்டேங்குது. தெளிவா சொல்லித் தொலைங்களேன்.”

“உடனே கோயிலுக்கு வா. தண்ணி பக்கம் போகாத.”

அவன் செருப்பை மாட்டினான். சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். “மறுபடி எங்க கெளம்பிட்டீங்க? பாப்பா குளிக்கணும்னு தொட்டிகிட்ட நிக்கிறா, போய்ப் பாருங்க.”

குளியலறையிலிருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா, தண்ணிக்குள்ள ஒரு அண்ணன் இருக்கான்.”

ஓடினான். தொட்டியின் விளிம்பில் எக்கி நின்று அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இழுக்க நீட்டிய வலது கை அவளிடம் போகவில்லை. தண்ணீருக்குள் இறங்கியது.

உள்ளங்கைக்கு அடியில் முடி. மெல்லிய, சின்னப் பிள்ளையின் முடி. அது மேலே வர முட்டியது. கை அமுக்கியது.

“பாப்பா, வெளிய போ.”

“அந்த அண்ணன் அழறான்ப்பா.” இன்னும் குனிந்தாள்.

கையை இழுத்தான். வரவில்லை. தோள் தெறித்தது. “ஆண்டவரே, என்ன மன்னிச்சிடும்,” என்றான். கை கேட்கவில்லை.

முட்டுவது நின்றது. தண்ணீர் அடங்கியது.

அப்போதுதான் இடது கை சில்லிட்டது. விரலிடுக்கில் ஈரம். சொட்டியது. மெதுவாக எழுந்தது. மகளின் பிடரியில் படிந்தது.